வெறும் பாயாசம்

கோணங்காட்டு ஆட்களுக்குப் புத்தி கொஞ்சம் குறைச்சல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கொஞ்சம் என்று எப்படிச் சொல்லலாம்? நான் தேரிவிளைக்காரன். எங்கள் ஊருக்கும் கோணங்காட்டுக்கும் நடுவில் ஒரு குளமும் ஒரு பனங்காடும்தான். அங்கே ஒருத்தர் தும்மினால் இங்கே எனக்குச் சேதி வந்துவிடும். அதனால் நான் அளந்து விடுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

கோணங்காட்டில் ஒரு வாசகர் மன்றம் உண்டு. தலைவர் மாவு மில் கொம்பையா. மீசையில் மாவு, பேச்சில் கம்பீரம். செயலாளர் வைகுண்டம், சந்தேகம் கேட்கவே பிறந்தவர். அடுத்தவர் சுடலைமணி, பசி தாங்க மாட்டார். கடைசி ஆள் பால்துரை. வாலிபப் பையன், பார்க்க லட்சணமாக இருப்பான். அவன்தான் இந்தக் கதையின் மாப்பிள்ளை. நாலு பேரும் படிக்காத நாவல் இல்லை, வாசிக்காத பாட்டு இல்லை. படித்தது விளங்கியதா என்று மட்டும் கேட்காதீர்கள், அது வேறு விஷயம்.

ஒரு நாவலில் கதாநாயகன் பாவம், அத்தியாயம் அத்தியாயமாகப் பட்டினி கிடந்தான். சுடலைமணிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டிலிருந்து இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவந்து அந்தப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினார். மறுநாள் திறந்து பார்த்தால் எறும்பு மொய்த்து இட்லி பாதிதான் இருந்தது. "கூச்ச சுபாவம் போலிருக்கு, பாதிதான் தின்னிருக்கான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொரு தடவை ஏதோ ஒரு பாட்டில் காதலியின் முகம் நிலா என்று எழுதியிருந்தது. அமாவாசை அன்றைக்கு அந்தப் பெண் எந்த வாயால் சோறு தின்றிருப்பாள் என்று வைகுண்டம் கேட்க, மன்றம் ஒரு வாரம் அதை விவாதித்தது. கடைசியில் அன்றைக்கு அவள் விரதம் என்று தீர்மானம் போட்டார்கள்.

சரி, மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். என் பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை தங்கப்பழத்தின் மகள் செல்லக்கனி. பால்துரைக்கு முறைப்பெண். கெட்டிக்காரி, கடைக் கணக்கை விரல் விடாமல் கூட்டுவாள். கோணங்காட்டுக் கொடைவிழாவுக்குப் போனவள், "அத்தான், இந்தக் குடையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று பால்துரையிடம் கொடுத்துவிட்டுச் சாமி கும்பிடப் போனாள். போனவள் கூட்டத்தில் சித்தியைப் பார்த்து, குடையை மறந்து வீட்டுக்கே வந்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தால், அதே வேப்பமரத்தடியில் பால்துரை குடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். கண் இரண்டும் கோவைப்பழம்.

"ஏன் அத்தான், வீட்டுக்குப் போகலியா?"

"நீ பாத்துக்கச் சொன்னியே."

வேறு பெண்ணாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பாள். செல்லக்கனிக்கு என்ன தோன்றியதோ, கட்டினால் இவரைத்தான் என்று வீட்டில் ஒரே பிடியாக நின்றாள். தங்கப்பழத்துக்குத் துளியும் இஷ்டமில்லை. உப்பளத்துக்காரர் மகன் ஒருத்தனைக் கையில் வைத்திருந்தார். மகள் அழுத அழுகையில் இறங்கிவந்து, "சரி, வந்து பார்க்கட்டும். ஏதாவது ஒரு கிறுக்குத்தனம் நடந்துச்சு, உப்பளத்து மாப்பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்து ஒரு பேராசிரியர் கோணங்காட்டு மன்றத்துக்குப் பேச வந்தார். இலக்கியத்தில் குறியீடு என்பது தலைப்பு. நல்ல மனுஷன், நன்றாகத்தான் பேசியிருக்கிறார். "உயர்ந்த கதையிலும் கவிதையிலும் எதுவும் சும்மா வராது. மழை வெறும் மழை அல்ல, மனதின் அழுகை. பாம்பு வெறும் பாம்பு அல்ல, ஆசை. பூட்டிய கதவு, மறுக்கப்பட்ட வாழ்வு. எந்தப் பொருளையும் அந்தப் பொருளாகவே பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்" என்று சொல்லி முடித்து, மாலையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அவருக்கென்ன, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாட்டிக்கொண்டது கோணங்காடு.

மறுநாளே கொம்பையா வீட்டு மொட்டை மாடியில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மன்றத்தார் நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். வற்றலை ஒருத்தரும் தொடவில்லை. கொம்பையாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அழாதீங்க அண்ணாச்சி" என்றார் வைகுண்டம்.

"நான் எங்கவே அழுதேன்?"

"இவ்வளவு பெய்யுதே! உள்ளுக்குள்ள அழுதிருக்கீங்க. எங்ககிட்ட மறைக்காதீங்க."

கொம்பையா யோசித்துப் பார்த்தார். சின்ன வயதில் செத்துப்போன ஆட்டுக்குட்டி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஓவென்று அழுதார். மற்ற மூவரும் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். மழையும் தற்செயலாக விட்டது. "பாத்தீங்களா, மனசு லேசாச்சு, நின்னுட்டு" என்று அவர்கள் பூரித்துப்போனபோது, வற்றல் முழுவதும் மாடிக் குழாய் வழியாகத் தெருவுக்குப் போயிருந்தது.

கொம்பையாவின் சம்சாரம் பாக்கியத்தாச்சி துடைப்பத்தோடு மாடி ஏறிவந்தார்கள். நாலு பேருக்கும் சரியான பூசை.

"அண்ணாச்சி, துடைப்பம் எதுக்குக் குறியீடு?" என்று அடிக்கு நடுவில் வைகுண்டம் கேட்டார்.

"சமூகச் சீர்திருத்தம்" என்றார் கொம்பையா. "வலிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கோ."

அந்த வார்த்தை ஆச்சி காதில் விழுந்து, சீர்திருத்தம் இன்னும் கொஞ்ச நேரம் நடந்தது.

அப்புறம் மன்றத்துக்குள் ஒரு சாரைப்பாம்பு வந்தது. நம்மைப் போல ஆட்களாக இருந்தால் கம்பைத் தேடுவோம், இல்லை ஓடுவோம். இவர்கள் பெஞ்சு மேல் ஏறி நின்று இது யாருடைய ஆசை என்று விசாரித்தார்கள்.

"சுடலைமணி, உண்மையைச் சொல்லும். காலையிலருந்து எது மேல ஆசைப்பட்டீரு?"

"உளுந்த வடை மேல."

"விட்டிரும்!"

சுடலைமணி கண்ணை மூடிக்கொண்டு வடையைத் துறந்தார். பாம்பு அசையவில்லை. அதிரசத்தைத் துறந்தார். பாம்பு அலமாரிக்கடியில் இன்னும் வசதியாகச் சுருண்டது. ஒவ்வொரு பலகாரமாக விட்டு விட்டு, கடைசியில், "பழைய சோறும் வேண்டாம்" என்றார். அந்த நேரம் எலி ஒன்று வெளியே ஓட, அதன் பின்னாலேயே பாம்பும் போய்விட்டது. அன்றிலிருந்து சுடலைமணிக்குப் பழைய சோறு கிடையாது. வடையை மட்டும் மறுநாளே திரும்பச் சேர்த்துக்கொண்டார், அதை விட்டபோது பாம்பு போகவில்லையே என்று நியாயம் சொன்னார்.

இந்த லட்சணத்தில்தான் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பால்துரைக்குத் தாய் தகப்பன் இல்லை. மன்றம்தான் அவனுக்கு எல்லாம்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. பெண் பார்க்கிற இடத்தில் பெண்ணைப் பெற்றவர் சம்மதம் என்று வாயைத் திறந்து சொல்லவே மாட்டார். சொன்னால் பெண்ணை வலியக் கொண்டுபோய்த் தள்ளியது மாதிரி, வம்சத்துக்கே தலைக்குனிவு. பிடித்திருந்தால் பெண் கையில் பாயாசம் வரும். பிடிக்கவில்லையா, மோர் வரும். பாயாசம் வந்து, அதில் ஆடை படிவதற்குள் மாப்பிள்ளை குடித்துவிட்டால் கல்யாணம் நிச்சயம். ஆடை படிந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாம் என்று அர்த்தம். அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு போகவேண்டியது. டம்ளர் வைத்தபிறகு குடி என்றோ குடிக்காதே என்றோ பெண் பக்கத்து ஆட்கள் யாரும் சொல்லக் கூடாது. கோணங்காட்டிலும் இதே வழக்கம்தான், நாலு பேருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் மண்டையில் இருந்த இடத்தையெல்லாம் குறியீட்டுக்குக் கொடுத்தாயிற்றே, வழக்கத்துக்கு எங்கே இடம்?

நான் பக்கத்து வீடு என்பதால் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தேன். தங்கப்பழம் வாசலுக்கு வந்து, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார். சுவரில் இருந்த கடிகாரம் நின்றுபோயிருந்தது. சாவி கொடுக்க மறந்திருப்பார்கள். கொம்பையா அதைப் பார்த்துவிட்டு, தங்கப்பழத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், இவ்வளவு பெரிய சோகத்தை வச்சுக்கிட்டா சிரிக்கீங்க?"

"என்ன சோகம்?"

"வேண்டாம், சொல்லாதீங்க. எங்களுக்குப் புரிஞ்சுட்டு."

தங்கப்பழம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

உள்ளே செல்லக்கனி தன் கையாலேயே பாயாசம் வைத்திருந்தாள். அவள் மனசு முழுக்க அந்த டம்ளரில்தான் இருந்தது. வெள்ளி டம்ளரில் ஊற்றி, அரக்குப் பட்டில் வந்து, பால்துரை முன்னால் வைத்தாள். அவன் அவளைப் பார்த்து ஈயென்று சிரித்தான். அவளும் சிரிப்பை அடக்க முடியாமல் தூணோரம் போய் நின்றாள். ஜோடிப் பொருத்தம் என்றால் அதுதான் பொருத்தம் என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பால்துரை டம்ளரை எடுத்து வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டான்.

"பொறு!" என்றார் கொம்பையா. "எதையும் அந்தப் பொருளாவே பாத்து ஏமாந்திரக் கூடாது. என்னது இது?"

"பாயாசம் அண்ணாச்சி."

"தப்பு. வைகுண்டம், உள்ள என்ன இருக்குன்னு பாரு."

வைகுண்டம் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "பால் இருக்கு."

"பால்னா தாய்மை. அப்புறம்?"

"இனிப்பு."

"உலக மயக்கம். அப்புறம்?"

"முந்திரி மிதக்குது."

"முந்திரி முந்திரிதான் அண்ணாச்சி" என்றார் சுடலைமணி ஏக்கத்தோடு.

"வாயை மூடும். மிதக்குதுல்லா? வேர் இல்லாம அலையுத வாழ்க்கை. அடியில என்ன கெடக்கு?"

"காஞ்ச திராட்சை. சுருங்கிப்போய்க் கெடக்கு."

கொம்பையா மீசையைத் தடவினார். மாவு உதிர்ந்தது. "முதுமை" என்றார் மெதுவாக. "எல்லாத்தையும் சேத்துப் பாருங்கலே. ஒரு தாய், உலக மயக்கத்துல கெடந்து, வேரில்லாம அலைஞ்சு, சுருங்கிக் கிழவியாயிடுவா. இதைத்தான் அந்தப் பொண்ணு சொல்லாம சொல்லிட்டுப் போயிருக்கா."

பால்துரைக்கு முகம் வெளுத்தது. "செல்லக்கனிக்கா இந்த நிலைமை?"

"குடிச்சியோ, நடந்திரும்."

"அப்ப நான் குடிக்கவே மாட்டேன்!" என்று டம்ளரை வைத்துவிட்டான். "அவ அலையக் கூடாது அண்ணாச்சி. அவ சுருங்கக் கூடாது. என் உசுரே போனாலும் இதைத் தொடமாட்டேன்."

அவன் கண்ணில் தண்ணீர். பொய்யில்லை, நிஜமான தண்ணீர். அந்தப் பெண் மேல் அவ்வளவு ஆசை அவனுக்கு. ஆசை இருந்து என்ன செய்ய, டம்ளர் அல்லவா ஆறிக்கொண்டிருந்தது! எனக்கு குடிடா மூதேவி என்று கத்த வாய் துடித்தது, வழக்கம் வாயைக் கட்டிவிட்டதே. தங்கப்பழத்தின் முகத்தில் மட்டும் மெல்ல ஒரு தெளிச்சி வந்தது. கடைப்பையனைக் கூப்பிட்டு, "உப்பளத்துக்காரர் வீட்டுக்குப் போகச் சைக்கிள் இருக்கா பாரு" என்றார்.

பாயாசத்தின் ஓரத்தில் லேசாக ஆடை கூட ஆரம்பித்தது. தூணோரம் நின்ற செல்லக்கனிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. குடி என்று சொல்லக் கூடாது. சரி, சமையலைப் பற்றிப் பேசக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லையே! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் கொம்பையா முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, இதுல ஒரு மண்ணும் இல்ல. இது பாயாசம். வெறும் பாயாசம். நான்தான் வச்சேன். நம்பிக்கை இல்லன்னா அடுப்படியில வந்து பாருங்க."

மன்றம் எழுந்து அடுப்படிக்குப் போனது. பானையைத் திறந்து பார்த்தார்கள். வைகுண்டம் கரண்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுடலைமணி முந்திரி டப்பாவை நீண்ட நேரம் பரிசோதித்தார், திரும்பி வரும்போது கன்னம் இரண்டும் உப்பியிருந்தது.

"அம்மா, இந்தப் பால்?" என்று கேட்டார் கொம்பையா.

"எங்க மாட்டுப் பால்."

"தாய்மை இல்லியா?"

"கன்னுக்குட்டி போக மிச்சம், மாமா."

"திராட்சை ஏன் சுருங்கியிருக்கு?"

"கடையிலேயே அப்படித்தான் வரும். சீக்கிரம் மாமா!"

"அப்ப பேராசிரியர் சொன்னது?"

"அது புத்தகத்துக்கு. இது அடுப்படி."

கொம்பையா அசந்துபோனார். கூடத்துக்குத் திரும்பிவந்து, தொண்டையைச் செருமி, மன்றத் தீர்மானத்தை அறிவித்தார்: "தீர விசாரிச்சாச்சு. இந்த வீட்டுப் பாயாசம் வெறும் பாயாசம். இதுக்கு வேற எந்த அர்த்தமும் கிடையாது. இனிமே நம்ம மன்றம் எதுக்கும் அர்த்தம் தேடாது. குடிலே பால்துரை!"

ஆடை நடு டம்ளரை எட்டுவதற்குள் பால்துரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். அடி திராட்சைவரை விரலை விட்டு வழித்தான். பெண்கள் குலவை போட்டார்கள். நான் துள்ளி எழுந்து பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்தேன், யாரென்று பார்த்தால் தங்கப்பழம். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, வந்தது வரட்டும் என்று வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொன்னார். செல்லக்கனி அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

மன்றத்தார் நாலு பேர் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தங்கப்பழத்தின் வாயையே பார்த்தார்கள்.

"என்ன?" என்றார் தங்கப்பழம்.

"பாயாசம் ரொம்ப ருசி" என்றார் கொம்பையா. "வந்த விஷயத்துக்குப் பதில் சொல்லலியே. பொண்ணைக் குடுக்கீங்களா, இல்லியா?"

தங்கப்பழம் திகைத்தார். "அதான்... இப்ப... குடிச்சாச்சே!"

"குடிச்சோம். அதுக்கென்ன? அது வெறும் பாயாசம்னு உங்க மகளே சொல்லிட்டாள்லா?"

தங்கப்பழம் வாயைத் திறந்தார். வம்சம் ஞாபகத்துக்கு வந்தது, மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். பால்துரை அந்த வாயையே பார்த்துப் பார்த்துத் தவித்தான். கடைசியில் நாலு பேரும் தொங்கிய முகத்தோடு பனங்காட்டு வழியே திரும்பிப் போனார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை எங்கே போய்ச் சொல்ல! பாயாசம் குடித்தாயிற்றே, எங்கள் ஊர்க் கணக்கில் கல்யாணம் நிச்சயம். நிச்சயதார்த்தத் தட்டு மாற்றினார்கள். "தட்டு வெறும் தட்டுதானே, பதில் எங்கே?" என்றார் வைகுண்டம். பந்தல்கால் நட்டார்கள். "கம்பு" என்றார் சுடலைமணி. மணவறையில் மேளம் கொட்ட, பால்துரை தாலி கட்டினான். கட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து, "இந்த மஞ்சக் கயித்த எதுக்குக் கட்டச் சொல்லுதாங்கன்னு தெரியல செல்லக்கனி. உங்கப்பா இன்னும் ஒரு வார்த்தை சொல்லல. எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

"நான்தான் சொல்லுதேன்லா அத்தான், சம்மதம்தான்."

"நீ சொன்னா போதுமா? பெத்தவரு சொல்ல வேண்டாமா?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

கோணங்காட்டில் குடித்தனம் வைத்தார்கள். சண்டை சச்சரவு கிடையாது. அப்படி ஒரு அன்பு. வளைகாப்பு நடந்தது, பிள்ளை பிறந்தது. பேர் வைக்க எங்கள் ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போனோம். தங்கப்பழத்துக்குத் தலைகால் புரியவில்லை. பேரனை வாங்கக் கையை நீட்டினார். தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுத்த பால்துரை, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாமனார் முன்னால் வந்து நின்றான். பின்னால் மன்றத்தார் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மாமா, பிள்ளையும் பொறந்துட்டு" என்றான் பால்துரை, குரல் தழுதழுக்க. "இனியும் இழுத்தடிக்காதீங்க. பொண்ணைக் குடுக்கீங்களா, இல்ல நாங்க வேற இடம் பாக்கட்டுமா?"